ஒரு பெட்டி, மூன்று ராணிகள்

ஐந்நூறு வருட வரலாற்றை மூன்றரை மணி நேரத்தில் காட்டி முடிப்பதாக அந்தச் சுற்றுலாப் பேருந்தின் வயிற்றில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது. ஒரு வருடத்துக்கு அரை நிமிடம் கூடத் தேறாது என்று விசில் மனக்கணக்குப் போட்டான். போர், முற்றுகை, முடிசூட்டு விழா எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். நடுவில் பத்து நிமிடம் டீக்கு வேறு நிறுத்துவார்கள்.

பேருந்தின் மேல்தளத்துக்குக் கூரை கிடையாது. காட்சி தெளிவாகத் தெரியட்டும் என்று எடுத்துவிட்டார்களாம். வெயிலுக்கும் அதே சலுகை கிடைத்திருந்தது. இருக்கையில் உட்கார்ந்த விசில் உடனே எழுந்து, கைக்குட்டையைப் போட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தான்.

"மேடம், துப்பறியறதுன்னா தலையில தொப்பி, நீளக் கோட்டு, இருட்டுச் சந்துன்னு சொன்னாங்க. இங்க தோசைக்கல்லு மேல உக்கார வச்சிருக்கீங்க."

"வாய மூடிக்கிட்டு காதத் திற," என்றார் பூதக்கண்ணாடி.

பூதக்கண்ணாடி என்பது காவல் நிலையங்களில் அவருக்கு வைத்திருந்த கேலிப் பெயர். ஐம்பத்தெட்டு வயதான அந்த அம்மாள் தன்னுடைய மூக்குக் கண்ணாடியையே நாளுக்கு நான்கு தடவை தேடுவார். பெரும்பாலும் அது தலைமேல் இருக்கும். மற்றவர்கள் தொலைத்ததை மட்டும் எப்படியோ கண்டுபிடித்துவிடுவார். விசில் அவருடைய உதவியாளன். நாற்பத்தைந்து வயது. முன்பு நகரப் பேருந்தில் நடத்துநராக இருந்தவன். அந்த வேலை போனபோது விசில் ஒன்றையும் வாய் ஒன்றையும் மட்டும் கையோடு கொண்டுவந்திருந்தான்.

அவர்களை இந்தப் பேருந்தில் ஏற்றியது ஒரு இரும்புப் பெட்டி.

நாட்டின் தென்மேற்கு மூலையில் கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் அந்த நகரத்தில் ஒரு பழைய அரண்மனை உண்டு. இப்போது அது அருங்காட்சியகம். அதன் ஐந்தாம் அறையில் தங்கப் பிடி போட்ட வாள், மணி பதித்த பாதுகை, வெள்ளிப் பல்லக்கு என்று கண்ணைப் பறிக்கும் சாமான்கள் ஏராளம். நேற்று, வெள்ளிக்கிழமை மதியம், அங்கே நுழைந்த திருடன் இதையெல்லாம் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துருப்பிடித்த பெட்டியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். 'இரும்புப் பெட்டி. காலம் தெரியவில்லை. பயன் தெரியவில்லை' என்பதுதான் அதன் கீழே எழுதியிருந்த முழு விவரம். திறக்க முடியாத பெட்டி என்று பெயர். நாளை ஞாயிற்றுக்கிழமை காலை, பத்திரிகைக்காரர்கள் முன்னால் அதைத் திறக்கப் போவதாக இயக்குநர் ஊரெல்லாம் அறிவித்திருந்தார்.

பழி ஐந்தாம் அறை அக்கா மேல் விழுந்தது. பத்தொன்பது வருடமாக அந்த அறையின் மூலையில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து காவல் பார்ப்பவள். இன்று மாலை நான்கு மணிக்கு விசாரணை. வேலை போனால் அரண்மனையின் பின்வாசல் குடியிருப்பில் அவள் இருக்கும் இரண்டு அறை வீடும் போகும். திருடி என்ற பெயர் மட்டும் மிஞ்சும்.

நேற்று மாலை அவள் அழுதுகொண்டே வந்து சொன்னது விசிலின் காதிலேயே இருந்தது.

"தெனமும் அந்தப் பெட்டியத் தொடைக்கிறேன் மேடம். திருடணும்னா பத்தொம்போது வருஷம் காத்திருப்பேனா? ரெண்டு மணிக்கு நான் சாப்பிட்டு வந்தப்போ கூண்டு காலியாத்தான் இருந்துச்சு. முன்னாடி ஒரு பலகை வச்சிருந்தாங்க. பராமரிப்புப் பணி நடைபெறுகிறது, சிரமத்துக்கு வருந்துகிறோம்னு. ஞாயித்துக்கெழமை விழாவுக்கு சார்தான் எடுத்துட்டுப் போயிருப்பாருன்னு நெனச்சேன். மூணரைக்கு அவரே வந்து, என் கையெழுத்து இல்லாம எவன் பராமரிக்கிறான்னு கத்துனப்போதான் தெரிஞ்சுது."

"இதை அங்கேயே சொல்ல வேண்டியதுதானே?" என்று கேட்டார் பூதக்கண்ணாடி.

அங்கேதான் இடித்தது. ஐந்தாம் அறையில் ஒரு பதிவேடு உண்டு. பதினொரு மணி, இரண்டு மணி, ஐந்து மணி என்று மூன்று வேளையும் பொருட்களைச் சரிபார்த்து 'எல்லாம் சரியாக உள்ளன' என்று கையெழுத்துப் போட வேண்டும். அக்கா மூன்று கையெழுத்தையும் காலை ஒன்பது மணிக்கே போட்டுவிடுவாள்.

"எல்லா ரூம்லயும் அப்படித்தான் மேடம். பேனா ஒண்ணுதான் இருக்கு. காலைல சுத்தி வரும். அப்பவே போட்டாத்தான் உண்டு."

ஆக, பதிவேட்டின்படி இரண்டு மணிக்குப் பெட்டி இருந்தது. மூன்றரைக்கு இல்லை. இடைப்பட்ட நேரத்தில் அந்த அறையை விட்டு அசையாதவள் அவள் ஒருத்திதான். கூண்டின் சாவியும் அவள் பொறுப்பு. அந்தச் சாவி தீயணைப்பான் பின்னால் ஒரு ஆணியில் தொங்குவது அரண்மனைக்குள் வந்துபோகும் எல்லாருக்கும் தெரியும். அப்படி ஒரு ஆணியே கிடையாது என்று இயக்குநர் எழுதிக் கொடுத்திருந்தார்.

"விலை போற சாமானை விட்டுட்டு துருப்புடிச்ச பெட்டிய எடுத்தவன், அதுக்குள்ள என்னமோ இருக்குன்னு நெனச்சிருக்கான்," என்றார் பூதக்கண்ணாடி. "இந்த ஊர்ல அப்படி நெனைக்க வைக்கிறவங்க வழிகாட்டிகள்தான். அவங்க என்ன சொல்றாங்கன்னு கேட்போம்."

கேட்பதற்குக் குறைச்சல் இல்லை. பேருந்தின் வழிகாட்டிப் பெண்ணை எல்லாரும் மைக் என்றே கூப்பிட்டார்கள். அது இல்லாமல் அவளை யாரும் பார்த்தது கிடையாது.

"வலது பக்கம் பாருங்க! மணிக்கூண்டு! ராஜா கண்ண மூடின அதே நிமிஷம், ஏழு இருபதுக்கு, இந்தக் கடிகாரமும் நின்னுடுச்சு!"

எல்லாரும் வலது பக்கம் பார்த்தார்கள். ஒரு தம்பதி கண்ணைத் துடைத்துக்கொண்டது. கூண்டின் ஏணியில் எண்ணெய் டப்பாவோடு நின்ற ஒருவரைப் பார்த்து விசில் குனிந்து கேட்டான். "ஏண்ணே, ராஜா செத்ததாலயா நின்னுச்சு?"

"பல்சக்கரம் தேஞ்சதால நின்னுச்சு. மூணு வருஷமா எழுதிக் கேட்டுக்கிட்டு இருக்கோம்."

"ராஜாவ ரிப்பேர் பண்ணச் சொல்லி அவரு குடும்பத்துல யாரும் எழுதிக் கேக்கலையா?"

கோட்டை வந்தது, பீரங்கி வந்தது, கலங்கரை விளக்கம் வந்தது. பீரங்கி ஒரே ஒரு முறை வெடித்ததாம், அறுபது கப்பல் ஓடியதாம். அறுபதையும் யார் எண்ணினார்கள் என்று விசில் கேட்டதற்கு மைக் அடுத்த காட்சிக்குப் போய்விட்டாள். அரண்மனை நெருங்கியபோது அவள் குரல் ஒரு படி ஏறியது.

"நேத்து இங்க ஒரு பெரிய திருட்டு! மூத்த ராணி தன்னோட வைர மூக்குத்திய ஒளிச்சு வச்ச இரும்புப் பெட்டி காணோம்! காலிக் கூண்ட நீங்க பாக்கலாம்! அப்புறம் ஒரு வேண்டுகோள். கீழ்த்தளத்துல பெண்கள் கழிப்பறை பக்கம் தயவுசெஞ்சு போயிடாதீங்க. மூணு வருஷமா ரிப்பேர். நேத்து முன்னாடி வச்சிருந்த பலகையக் காணோம். என் பஸ்ல வந்த ஒரு அம்மா தெரியாம உள்ள போய் முழங்கால் வரைக்கும் நனைஞ்சு, பஸ்ஸே லேட்டு."

பூதக்கண்ணாடி தலைமேல் இருந்த கண்ணாடியை எடுத்து மூக்கில் மாட்டிக்கொண்டார். அவர் இப்படிச் செய்தால் யாருக்கோ கஷ்டகாலம் என்பது விசிலுக்குத் தெரியும்.

பேருந்து நின்றதும் அவர் மைக்கை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார். "பலகையில என்னம்மா எழுதியிருக்கும்?"

"பராமரிப்புப் பணி நடைபெறுகிறது, சிரமத்துக்கு வருந்துகிறோம். இந்த அரண்மனைக்கே அந்த ஒரு பலகைதான் மேடம். பாவம், மூணு வருஷமா அங்கயே நின்னு வருந்திக்கிட்டு இருந்துச்சு."

"எத்தனை மணிக்குக் காணாமப் போச்சு?"

"பன்னெண்டரைக்கு இருந்துச்சு. ஒருத்தரை நானே படிச்சுப் பாருங்கன்னு திருப்பி அனுப்புனேன். ஒண்ணு அஞ்சுக்கு இந்த அம்மா நனைஞ்சு வந்தாங்க. அப்ப இல்ல."

விசில் துள்ளினான். மதியம் ஒரு மணி அடித்ததும் ஐந்தாம் அறை அக்கா எழுந்து சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய்விடுவாள். அங்கே அவள் சாப்பிட்டதைப் பார்த்தவர்கள் அரை டஜன் பேர். திருட்டு ஒன்றுக்கும் ஒன்று ஐந்துக்கும் நடுவில் நடந்திருக்கிறது. "முடிஞ்சுது மேடம்! ஒரு கக்கூஸ் பலகை அந்தக்காவக் காப்பாத்திடுச்சு!"

"காப்பாத்தல. ஒரு மணிக்கே பெட்டி போயிடுச்சுன்னா, ரெண்டு மணிக்கு இருக்குன்னு அவ போட்ட கையெழுத்து பொய். திருடின்னு அனுப்புறதுக்குப் பதிலா பொய்க் கையெழுத்துக்காரின்னு அனுப்புவாங்க. வீட்டுச் சாவியத் திருப்பிக் குடுக்கிறது ரெண்டுலயும் ஒண்ணுதான். நாலு மணிக்குள்ள பெட்டியும் வேணும், எடுத்தவனும் வேணும்."

விசில் சுருங்கிப் போனான். அவனும் ஒரு காலத்தில் அப்படி ஒரு விசாரணையில் உட்கார்ந்தவன்தான். மூன்று பேர் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து, அவன் பேசி முடிக்கும்வரை மரியாதையாகத் தலையாட்டினார்கள். தலையாட்டி முடித்ததும் அவன் விசிலைத் தவிர மற்றதெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தான். இதை நினைத்தால் இன்றைக்கும் அவனுக்கு வயிறு எரியும்.

"அப்ப யாரு மேடம்? மூக்குத்திக்கு ஆசைப்பட்டவனா?"

"ஆசைப்பட்டவன் ஏன் திருடணும்? நாளைக்குத் திறக்கப் போறாங்க. உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சப்புறம் திருடுறதுதானே புத்திசாலித்தனம்? நம்புறவங்க எல்லாருக்கும் பெட்டி திறக்கணும். அது திறக்கவே கூடாதுன்னு நெனைக்கிறவன் எவன்?" என்று கேட்டுவிட்டு அவர் மைக் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நாளைக்குத் திறந்து உள்ள ஒண்ணும் இல்லன்னா நீ என்ன பண்ணுவ?"

"மந்திரி திருடிட்டாருன்னு சொல்லுவேன்," என்றாள் மைக், கண்ணிமைக்காமல். "போன வருஷம் வரைக்கும் வைரம் கெடையாது மேடம், முத்துதான். கூட்டத்தப் பாத்து மாத்திக்குவேன். மூலக்கதையே என்னோடது இல்ல. குடைக்காரர்கிட்ட இருந்து சுட்டது. அவரு கதையில இளைய ராணி. இயக்குநர் நாளைக்காக அடிச்ச அழைப்பிதழ்ல பட்டத்து ராணியோட முத்திரைன்னு போட்டிருக்காரே, அதுவும் அங்க இருந்து சுட்டதுதான்."

"ஒரு பெட்டி, மூணு ராணி," என்றான் விசில். "அந்த ராஜா எப்படி ஏழு இருபது வரைக்கும் உயிரோட இருந்தாரு?"

குடைக்காரர் இருபத்திரண்டு வருடமாக அந்த ஊரைக் கால்நடையாகச் சுற்றிக் காட்டுகிறவர். கூட்டத்துக்கு அடையாளமாகச் சிவப்புக் குடையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு போவார். நிழல் அவருக்கு மட்டும் விழும். இரண்டு மணிக்கு மணிக்கூண்டடியில் அவருடைய கூட்டத்தில் இருவரும் போய்ச் சேர்ந்துகொண்டார்கள். வெள்ளைச் சட்டை, தோளில் ஒரு கனமான துணிப்பை, கேட்பவர் காதில் தேன் ஊற்றுகிற குரல்.

"உண்மையைச் சொல்றேன்," என்று ஆரம்பித்தார் அவர். ஒவ்வொரு பொய்யையும் இப்படித்தான் ஆரம்பித்தார் என்பது போகப் போகத் தெரிந்தது. "இந்தக் கடிகாரம் தானா நிக்கல. இளைய ராணி நிறுத்தச் சொன்னா. போருக்குப் போன தன் ஆளு திரும்பி வர்ற வரைக்கும் இந்த ஊருக்கு நேரம் நகரக் கூடாதுன்னா. இன்னும் வரல. இன்னும் நகரல."

கூட்டம் அசையாமல் நின்றது. ஏணிக்காரர்கூட எண்ணெய் டப்பாவைக் கீழே வைத்துவிட்டார். பொய் என்று தெரிந்தே விசில் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தான். அதற்காக அவன் தன்னையே திட்டிக்கொண்டான்.

பீரங்கியும் இங்கே வெடிக்கவில்லை. குண்டு போட வந்தவன் எதிர்க் கப்பலில் தன் தம்பியைப் பார்த்துவிட்டானாம். குடைக்காரரின் ஊரில் எதுவும் நாசமாகவில்லை, எல்லாம் அழகாக நின்றுபோயிருந்தது. கலங்கரை விளக்கத்தைத் தாண்டி அரண்மனைக்குள் நுழைந்தபோது மணி மூன்று இருபது.

ஐந்தாம் அறை முக்காலி காலியாக இருந்தது. கண்ணாடிக் கூண்டும் காலி. முன்னால் அந்தப் பலகை இன்னும் வருந்திக்கொண்டு நின்றது. கூட்டத்தில் யாரோ உச்சுக் கொட்டினார்கள்.

"பெட்டி இல்லன்னா என்ன? அதை உங்க கண்ணு முன்னால கொண்டு வர்றேன்," என்றார் குடைக்காரர். "உண்மையைச் சொல்றேன். இது இளைய ராணியோட பெட்டி. அவ எழுதின கடைசிக் கடிதம் இதுக்குள்ள இருக்கு. எழுதி, பூட்டி, சாவியக் கடல்ல எறிஞ்சா. படிக்க வேண்டியவன் வந்தா பெட்டி தானா திறக்கும்னா. மூடியில பூவேலை. நாலு பக்கமும் கொடிவேலை. அடிப்பக்கத்துல யாரும் பாக்காத எடத்துல ஒரு சின்னப் பறவை..."

அதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் பூதக்கண்ணாடியின் காதில் ஏறவில்லை. கதை முடிந்து, கூட்டம் மூக்கை உறிஞ்சி ஓய்ந்ததும் பூதக்கண்ணாடி கையைத் தூக்கினார், வகுப்பில் சந்தேகம் கேட்கிற மாதிரி.

"அந்தப் பறவை எந்தப் பக்கம் பாக்குதுங்க?"

"இடது பக்கம்."

"இறக்கை விரிச்சிருக்கா?"

"ஒண்ணுதான் விரிஞ்சிருக்கு. இன்னொண்ணு பாதியில நிக்குது. அங்க உளி வழுக்கி ஒரு கோடு வாலு வரைக்கும் போயிருக்கு."

"ரொம்ப நல்லாச் சொன்னீங்க," என்றார் பூதக்கண்ணாடி. "கூட்டத்த அனுப்பிட்டு வர்றீங்களா? இளைய ராணியப் பத்தி இன்னும் ரெண்டு சந்தேகம் இருக்கு."

கூட்டம் கைதட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போனது. விசில் கதவருகில் போய் நின்றுகொண்டான். எதற்கு என்று அவனுக்கே இன்னும் விளங்கவில்லை.

"காலைல இருந்து நிறையப் பொய் கேட்டுட்டோம்," என்று ஆரம்பித்தார் பூதக்கண்ணாடி. "உங்களோடதுதான் இருக்கறதுலயே நல்ல பொய். ஏன்னு யோசிச்சேன். உங்க பொய்ல அசிங்கமா ஒண்ணுமே வராது. கடிகாரம் காதலுக்காக நிக்கும். பீரங்கி பாசத்துக்காக வெடிக்காது. இப்படிக் கதை சொல்ற மனுஷன் ஒரு பறவையக் கற்பனை பண்ணா அதுக்கு ரெண்டு இறக்கையும் முழுசா இருக்கும். அது கடல் பக்கம் பாத்துப் பறந்துக்கிட்டு இருக்கும். உளி வழுக்கின பறவை உங்க சரக்கு இல்ல. அது நெசம்."

குடைக்காரர் சிரிக்கப் பார்த்தார்.

"அந்தப் பெட்டியத் தொடைக்கலாம், தூக்கக் கூடாதுன்னு சட்டம். அடிப்பக்கம் எப்படியிருக்கும்னு பதிவேட்டுல கெடையாது, புகைப்படம் கெடையாது. பத்தொம்போது வருஷம் தொடைச்சவளுக்கே தெரியாது. நேத்து ஒரு மணிக்கு மேல அதைத் திருப்பிப் பாத்தவனுக்குத்தான் தெரியும்."

விசிலுக்கு இப்போதுதான் விளங்கியது. "அடேங்கப்பா! இருபத்திரண்டு வருஷம் பொய் சொல்லி மாட்டாத ஆளு, ஒரே ஒரு உண்மையச் சொல்லி மாட்டிக்கிட்டாரு!"

"காலிக் கூண்டப் பாத்துக் கூட்டம் முகம் சுளிக்கக் கூடாதுன்னு, ஓடிப்போய் கழிப்பறைப் பலகையக் கொண்டு வந்து வச்சாரே, அங்கயே எனக்கு வழிகாட்டி வாசனை வந்துச்சு," என்றார் பூதக்கண்ணாடி. "திருடன் யாராவது சிரமத்துக்கு வருந்துவானா?"

குடைக்காரர் குடையை மடக்கினார். மடக்கியதும் ஆள் ஒரு சாண் குறைந்த மாதிரி இருந்தார். துணிப்பையைத் தோளில் இருந்து இறக்கி, தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து, அதற்கடியில் இருந்த துண்டை விரித்தார். பெட்டி இருந்தது.

"திருடணும்னு எடுக்கல," என்றார். குரலில் தேன் இல்லை. "நாளைக்குத் திறந்து உள்ள வெறும் காத்து வந்துச்சுன்னா? இத்தனை வருஷம் நான் எதுக்கு வாயத் தொறந்தேன்? ஊரே சிரிக்கும். ஞாயித்துக்கெழமை தாண்டட்டும், சத்தமில்லாம திருப்பி வச்சிடலாம்னு இருந்தேன். கையில எடுத்தும் திறந்து பாக்கத் தைரியம் வரல."

"அந்தப் பறவைய ஏன்யா சொன்னீங்க?" விசிலால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"நல்லா இருந்துச்சு," என்றார் அவர், வெட்கத்தோடு. "சொல்லாம இருக்க முடியல."

"இன்னிக்கு நாலு மணிக்கு அந்தக்காவுக்கு வேலை போகுது, தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சேதான் ரெண்டு மணியில இருந்து ராணியோட துக்கத்த எங்களுக்குச் சொல்லிக்கிட்டு இருந்தீங்களா?" விசிலுக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது. மணிக்கூண்டடியில் கண்ணைத் துடைத்ததற்கும் சேர்த்து வந்தது. "கெளம்புங்க. அங்க வந்து ஒரு தடவை ராணி இல்லாம பேசுங்க."

நான்கு மணிக்கு இயக்குநரின் அறையில் நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இயக்குநர். இரண்டு பக்கமும் அவர் தலையாட்டும்போது தலையாட்டுவதற்கென்று இருவர். ஐந்தாம் அறை அக்கா எதிரே நின்றாள். அவளுக்கு நாற்காலி போடவில்லை. தகவல் சொல்லி அனுப்பியதால் காவல் ஆய்வாளரும் ஒரு ஜீப்போடு வந்து வாசலில் நின்றார்.

குடைக்காரர் முன்னால் போனார். "உண்மையைச் சொல்றேன்..."

"இந்த ஆளு சொல்றத எவன் நம்புவான்?" என்றார் இயக்குநர். இரண்டு தலைகளும் ஆடின.

விசில் பெட்டியை மேசைமேல் வைத்தான். தலைகள் நின்றன. அதற்குப் பிறகு குடைக்காரர் எல்லாவற்றையும் நான்கே வாக்கியத்தில் சொல்லி முடித்தார். அவர் வாழ்க்கையிலேயே சின்னக் கதை அதுவாகத்தான் இருக்கும். ஆய்வாளர் எழுதிக்கொண்டார். அக்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இயக்குநர் தொண்டையைச் செருமினார். "சரி, திருட்டு இல்ல. ஆனா ரெண்டு மணிக்குப் பெட்டி கூண்டுல இல்ல. இருக்குன்னு இந்த அம்மா கையெழுத்துப் போட்டிருக்கு. பாக்காமலே, நடக்கறதுக்கு முன்னாடியே கையெழுத்து! இது ஒண்ணே போதும், வேலைய விட்டு..."

அக்காவின் கை புடவைத் தலைப்பைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டது. பூதக்கண்ணாடி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் விசில் மேசையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டான். விசாரணை மேசையில் எந்தத் தாள் எந்தத் தாளுக்கு அடியில் இருக்கும் என்பது அனுபவப்பட்டவனுக்குத் தெரியும். இயக்குநரின் முழங்கைக்குக் கீழே இருந்த தாளை உருவினான்.

"'விசாரணைக் குழுவின் முடிவு,'" என்று பேருந்து நிறுத்தத்தின் பெயரைச் சொல்கிற குரலில் உரக்கப் படித்தான். "'விசாரணை மாலை நான்கு மணிக்குத் தொடங்கி ஐந்தே கால் வரை நடைபெற்றது. ஊழியரின் விளக்கம் முழுமையாகவும் பொறுமையாகவும் கேட்கப்பட்டது. விளக்கம் ஏற்கத்தக்கதாக இல்லை. பணிநீக்கம் செய்யப்படுகிறார்.' கீழ மூணு கையெழுத்து. சார், அஞ்சே கால் வரைக்கும் ரொம்பப் பொறுமையாக் கேட்டிருக்கீங்க. இப்ப மணி நாலு பத்து."

யாரும் தலையாட்டவில்லை.

"உங்களுக்கும் பேனா ஒண்ணுதான் இருக்கா சார்?" என்று அன்பாக விசாரித்தார் பூதக்கண்ணாடி. "வாசல்ல ரெண்டு பத்திரிகைக்காரங்க நாளைய விழாவுக்கு இடம் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. கூப்பிடட்டுமா?"

கூப்பிட வேண்டியிருக்கவில்லை. இயக்குநர் அந்தத் தாளைத் தன் கையாலேயே நான்காகக் கிழித்தார். பதிவேட்டு முறையை மறுபரிசீலனை செய்ய ஒரு குழு போடுவதாகவும், ஐந்தாம் அறை ஊழியர் நாளைக் காலை வழக்கம்போல வேலைக்கு வரலாம் என்றும் சுவரைப் பார்த்துச் சொன்னார். அக்கா அழவில்லை. நீளமாக ஒரு மூச்சு விட்டாள், அவ்வளவுதான். விசிலுக்கு, பல வருடத்துக்கு முன்னால் தன் வயிற்றில் மூண்ட நெருப்பு கொஞ்சம் அணைந்த மாதிரி இருந்தது.

வெளியே தாழ்வாரத்தில் ஆய்வாளர் குடைக்காரரை ஜீப் பக்கம் நடத்திக்கொண்டு போனார். அக்கா பின்னாலேயே வந்தாள். குடைக்காரர் நின்றார்.

"தங்கச்சி, உன் மேல பழி வரும்னு நான் நெனைக்கல. வந்தப்புறம் எப்படிச் சொல்றதுன்னு தெரியல. உள்ள ஒண்ணும் இல்லாம போயிட்டா என்ன பண்றதுன்னு ஒரு பயம்மா..."

"உள்ள ஒண்ணும் இல்லண்ணே," என்றாள் அக்கா.

குடைக்காரர் அவளைப் பார்த்தார். விசிலும் பார்த்தான். பூதக்கண்ணாடியே திரும்பிப் பார்த்தார்.

"பூட்டே கெடையாது. துருவுல மூடி ஒட்டிக்கிட்டு இருக்கு. வேலைக்கு வந்த முதல் வாரமே தொடைக்கும்போது கொஞ்சம் அழுத்தித் தள்ளுனேன், திறந்துடுச்சு. காலிதான். மூடி வச்சிட்டேன். பத்தொம்போது வருஷமா நீங்க கூட்டத்தக் கூட்டிட்டு வந்து கடிதம், கடிதம்னு சொல்லுவீங்க. நான் முக்காலியில உக்காந்து கேப்பேன். உங்க கதை கெட்டுடக் கூடாதுன்னு ஒருத்தர்கிட்டயும் நான் வாயத் தொறக்கல." அவள் குரல் இப்போதுதான் உடைந்தது. "எனக்காக நீங்க ஒரே ஒரு நாள் வாயத் தொறந்திருக்கலாம்ணே."

அக்கா சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு ஐந்தாம் அறைப் பக்கம் நடந்தாள். விசிலுக்கு வாய் வரைக்கும் ஒரு கிண்டல் வந்தது. அதை விழுங்கிவிட்டு, போய் ஜீப்பின் கதவைத் திறந்துவிட்டான்.